கையெழுத்து வாங்கும் முன்: மதுரைப் பக்கத்துப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கும், கூட வேலை செய்யும் சிஸ்டர்களுக்கும், கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கும் அறையில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரி. என் மாமியாருக்கு எண்பதை ஒட்டிய வயது. மறதிநோய் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. நீங்கள் டிமென்ஷியா என்று ஃபைலில் எழுதுவீர்களே, அது. போதாததற்கு மார்பில் புற்றுநோயும் வந்தது. அத்தையைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, நடுராத்திரியில் எழுந்து வாசல் கதவைத் தள்ளினால் கூடவே எழுந்து போவது எல்லாம் என் வேலை. ஆஸ்பத்திரி வராண்டாக்களில் பழக்கமான வேறு சிலரிடமும் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். செல்லூரில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள். மேலூர்ப் பக்கம் மனைவியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர், வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேர் போட வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்றும் நான் எழுதப்போவதில்லை. குறை ஓரிடத்தில் மட்டும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான். மறதிநோய் உள்ள வயதானவருக்குக் கேன்சர் வைத்தியம் என்ன செய்வது என்று நீங்கள் முடிவு செய்யும் முன்னால், அவரோடு ராப்பகலாக இருக்கிறவரை உட்காரவைத்துப் பேசுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஆளாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வேறு ஆள்தான்.

உங்கள் நெருக்கடி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று அத்தனை மாவட்டத்து ஜனமும் விடியற்காலை பஸ் பிடித்து மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் வந்து இறங்குகிறது. ஓ.பி. முடியும்போது உங்கள் முகத்தைப் பார்த்தாலே சாப்பிடவில்லை என்று தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? சரி. ஆனால் ஒதுக்குகிற அந்தச் சில நிமிஷத்தில் யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்பதை மாற்றலாமே. நாங்கள் முதலில் போன இடத்தில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், "பையன் யாரு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முன்னால் போனார். லாரியில் போய் வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிறவர் அவர். ஆபரேஷன், அப்புறம் கீமோ, அப்புறம் கரண்ட் என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். இவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அத்தை ராத்திரி தூங்குவாரா, மாத்திரையை விழுங்குவாரா, தெரியாத ஆள் தொட்டால் என்ன செய்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல நான் இரண்டடி தள்ளிப் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கட்டியைக் கண்டுபிடித்ததே குளிப்பாட்டும் கைதான். அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார். அவருக்கு எங்காவது வலித்தால், சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார். வெற்றிலைப் பெட்டியைத் தொடமாட்டார். சேலைத் தலைப்பைத் திரித்துக்கொண்டே இருப்பார். இதெல்லாம் வலியின் அடையாளம் என்று படித்தவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். வாயால் சொல்ல முடியாத மறதிநோய்க்காரர்களின் வலியை அளக்கப் பெய்னாட் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடம்பு அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். நல்ல விஷயம். ஆனால் அத்தையின் முகம் சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தானே இன்றைக்கு மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்? "வலி இருக்கா பாட்டி?" என்று சத்தமாகக் கேட்டு, அவர் சிரித்தபடி "இல்லப்பா" என்றதும், வலி இல்லை என்று ஃபைலில் எழுதிவிட்டுப் போகிறார்கள். விருந்தாளியிடம் வலிக்கிறது என்று சொல்லும் வளர்ப்பு இல்லை அது.

இது எங்கள் வீட்டுக்கதை மட்டும் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. புற்றுநோயும் வயதோடு சேர்ந்து கூடுவது. இரண்டும் ஒரே உடம்பில் வந்து சேர்வது இனி உங்கள் ஓ.பி.யில் அபூர்வமாக இருக்கப்போவதில்லை. ஆனால் புதுப் புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் மறதிநோய்க்காரர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே புத்தகத்தில் இருக்கும் பதில் அத்தை மாதிரி ஆட்களை வைத்து எழுதியது இல்லை. எழுதாமல் விட்ட பாதி எங்களிடம் இருக்கிறது.

ஒவ்வொரு வைத்தியமும் வீட்டுக்கு வந்தபின் என்ன ஆகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

கரண்ட் வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாய், தொண்டைக் கேன்சருக்கு முழு வைத்தியம் என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். முகத்துக்கு அச்செடுத்த முகமூடியை மாட்டி, மேஜையோடு பூட்டி, எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். நமக்கே பதறும். எங்கே இருக்கிறோம், எதற்கு இருக்கிறோம் என்று தெரியாதவருக்கு அது எப்படி இருக்கும்? செல்லூர் மகளின் அப்பா தறி நெய்தவர், வாயில் புண். குளிருக்குப் போர்த்தினால்கூட முகத்தைத் துணி தொடக்கூடாது அவருக்கு, மறதி வந்ததிலிருந்து அப்படி. யாரும் கேட்காததால் மகளும் சொல்லவில்லை. முகமூடி போட்ட முதல் நாளே பிடித்துத் தள்ளிவிட்டார். மயக்க மருந்து கொடுத்துச் சில தடவை வைத்தார்கள். அப்புறம் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறவே மறுத்துவிட்டார். வைத்தியம் பாதியில் நின்றது. தலை, கழுத்துக் கேன்சரில் கரண்டை இடையில் நிறுத்தி நிறுத்தி வைத்தால் பலன் குறையும் என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். ஆரம்பத்திலேயே பேசியிருந்தால் வேறு வழி யோசித்திருக்கலாம். முழுசாகக் குணப்படுத்த முடியாத இடத்தில், வலியையும் ரத்தத்தையும் அடக்கச் சில தடவை மட்டும் வைக்கும் முறை இருக்கிறது. எலும்பில் பரவிய வலிக்கு ஒரே ஒரு தடவை வைத்தாலும் பலருக்கு வலி தணிகிறது. இப்படிச் சுருக்கமான வழி இருக்கிறது என்பதை அந்த மகள் எல்லாம் முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டார்.

கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறீர்கள். தனக்குக் குளிர்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு யார் தெர்மாமீட்டர் வைப்பது? பகலில் வீட்டில் இருப்பது எட்டாம் வகுப்புப் பேத்தி என்றால்? நாக்கில் புண் வந்து சாப்பிடாமல் இருப்பதும், மறதியால் சாப்பிடாமல் இருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். வீட்டிலேயே சாப்பிடும் கேன்சர் மாத்திரைகள் சுலபம் என்று தோன்றும். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, திண்ணைக்குப் போய்த் துப்புகிறவர்களும் உண்டு. ஏற்கெனவே சாப்பிட்டதை மறந்து இன்னொரு தடவை எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. கீமோவுக்கு முன்னால் போடும் அவில் என்ற அலர்ஜி ஊசி மறதிநோய்க்காரர்களை இன்னும் குழப்பும், டெக்ஸா என்ற ஸ்டீராய்டு போட்டால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மறதிநோய் இருக்கிறது என்பதே தெரியாவிட்டால்?

ஆமாம், அதில் எங்கள் ஆட்கள் மேலும் தப்பு உண்டு. மறதி இருக்கிறது என்று சொன்னால் "இனி எதற்கு வைத்தியம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். வயசாச்சு, கொஞ்சம் ஞாபகம் குறைவு என்று பூசி மெழுகுகிறார்கள். அத்தையைப் போலப் பேச்சில் கெட்டிக்காரர்கள் மூன்று நிமிஷம் உங்களை ஏமாற்றிவிடுவார்கள். "எந்த ஊர் தம்பி, கல்யாணம் ஆச்சா" என்று அவர் கேட்கும் கேள்வியில் நீங்கள் மயங்கிவிடுவீர்கள். மூன்று வார்த்தை சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, அந்த மூன்று வார்த்தையைத் திருப்பிக் கேட்கும் சின்னப் பரிசோதனை இருக்கிறது, மினி-காக் என்று பேர். மூன்று நிமிஷத்தில் முடிகிறது என்கிறார்கள். எழுதப் படிக்காத எங்கள் கிழவிகளுக்குக் கடிகாரம் வரைவது பொருந்தாது. அவர்களுக்கு வேறு மாதிரி கேட்க வேண்டும், கூட இருப்பவரிடமும் தனியாக விசாரிக்க வேண்டும். ஆனால் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏதோ ஒன்றைக் கீமோ எழுதும் முன் செய்துவிடுங்கள். ரத்த டெஸ்டுக்குச் சீட்டு எழுதுவதுபோல இதையும் வழக்கமாக்கிவிட்டால் மறைக்கிற பேச்சே வராது.

இவ்வளவு சொல்வதால், வைத்தியம் வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தைக்கு ஆபரேஷன் செய்தோம்.

முதல் இடத்தில் தேதி கொடுத்த பிறகு, ஒரு சொந்தக்காரர் சொல்லி வேறொரு டாக்டரிடம் போனோம். அவரும் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "இவங்களை யார் பார்த்துக்கறது?" என்று கேட்டார். நான் என்றேன். அத்தையின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று காலையிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். சதை டெஸ்டில் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகைக் கட்டி என்று வந்திருந்தது. அவர் மூன்று வழி சொன்னார். ஒன்று, முதல் டாக்டர் சொன்ன முழு வைத்தியம். இரண்டாவது, ஆபரேஷனே இல்லாமல் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. ரொம்பத் தளர்ந்த வயதானவர்களுக்கு அப்படிச் செய்வதுண்டு, சில காலம் கட்டி அடங்கியிருக்கும், அப்புறம் வளரலாம். மூன்றாவது, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மாத்திரை, கீமோவும் கரண்டும் இல்லாமல். எதைச் செய்தால் என்ன ஆகும், எதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று மறைக்காமல் சொன்னார். கட்டி உடைந்து புண்ணானால் வீட்டில் வைத்துக் கழுவ முடியுமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எனக்கு வழி காட்டியது. அத்தை மார்பைத் தொடவிடமாட்டார். குளிக்கும்போது என்னை மட்டும்தான், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டே. நாற்றமடிக்கும் புண்ணைத் தினம் இரண்டு வேளை கழுவிக் கட்டுவது நடக்காத காரியம். மூன்றாவது வழி என்று சொன்னேன். என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார். அவர்தான் கையெழுத்துப் போட்டார். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் சில ஏற்பாடு செய்துகொண்டோம். சாயந்திரம் ஆனால் அத்தைக்குத் தடுமாற்றம் கூடும் என்பதால் காலையில் முதல் ஆளாக எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கும்போது என்னை உள்ளே விட்டார்கள். கண்ணாடியை உடனே மாட்டிவிட்டேன். ட்ரிப்ஸ் ஊசியை, அவர் பார்க்காதபடி கட்டுத்துணி சுற்றி மறைத்தார் சிஸ்டர். பக்கத்தில் இருந்து ரத்தநீர் வடியும் டியூப்புதான் பெரிய கவலையாக இருந்தது, பிடுங்கிவிடுவார் என்று. அத்தை ஆயுசு முழுக்க இடுப்பில் சுருக்குப்பை செருகியவர். அந்த டியூப்பின் டப்பாவை ஒரு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் கட்டினேன். பிடுங்கவா? யாரையும் கிட்டே விடாமல் காவல் காத்தார். டியூப்பை எடுக்க வந்த டாக்டர்தான் "காசைக் குடுத்துட்டு எடுத்துக்க" என்ற வசவை வாங்கிக்கொண்டார்.

அப்படியும் சில ராத்திரி புத்தி தடுமாறத்தான் செய்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு வரும் அந்தக் குழப்பம், மறதிநோய் இருந்தால் இன்னும் சுலபமாக வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். களத்தில் நெல் நனைகிறது என்று எழுந்து எழுந்து ஓடப் பார்த்தார். முன்கூட்டியே தெரிந்ததால் நான் பயப்படவில்லை. யாரும் கையைக் கட்டிலோடு கட்டவும் இல்லை. மற்ற இடங்களில் கட்டிப் பார்த்திருக்கிறேன். கூட இருக்க ஓர் ஆளை ராத்திரியில் அனுமதித்தால் பாதிப் பேருக்கு அந்தக் கட்டு தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

இனி அத்தையின் சொந்த விருப்பத்துக்கு வருகிறேன். எங்களைக் கேளுங்கள் என்று சொல்வதால் அவரைக் கேட்காதீர்கள் என்று அர்த்தம் ஆகிவிடக்கூடாது. மறதிநோய்க்காரர் எல்லா விஷயத்திலும் ஒரே மாதிரி இல்லை. காலையில் வெயில் ஏறும் முன், வீட்டாள் பக்கத்தில் இருக்க, சின்னச் சின்ன வாக்கியமாகக் கேட்டால் அத்தை பதில் சொல்வார். "இந்தக் கட்டியை எடுத்துடலாமா?" என்று கேட்டதற்கு, "எடுத்துட்டு வீட்டுக்கு விட்டுருவாங்களா?" என்றார். அவருக்கு வேண்டியது வீடு. அதற்குப் பின் எந்த முடிவையும் அந்த ஒன்றை வைத்துத்தான் எடை போட்டோம். எத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே இருக்கவேண்டும்? அதுதான் முதல் கேள்வி. மறதி வரும் முன்னால் அவர் எப்படிப்பட்ட மனுஷி என்பதும் கணக்கு. தன் தங்கை கடைசிக் காலத்தில் மூக்கில் குழாயோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு அப்படிச் செஞ்சீங்கன்னா பேயா வந்து பிடிப்பேன்" என்று வீடு முழுக்கக் கேட்கச் சொன்னவர். அதையும் உங்களிடம் சொல்ல ஒருத்தர் வேண்டும் இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது என்று மேலூர்ப் பெரியவர்தான் எங்களுக்கு விளக்கினார். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒருவர் தனக்குப் பதிலாகப் பேச ஓர் ஆளை முன்கூட்டியே நியமிக்கலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று எழுதியும் வைக்கலாம். விஷயத்தைப் புரிந்துகொண்டு, விளைவை உணர்ந்து, எப்படியாவது, சைகையிலாவது, தெரிவிக்க முடிந்தால் முடிவெடுக்கும் திறன் இருப்பதாகத்தான் அது பார்க்கிறது. ஆனால் அது மனநல வைத்தியத்துக்கான சட்டம். புற்றுநோய் ஆபரேஷனுக்கு, நோயாளியால் சொல்ல முடியாதபோது யார் சொல்வது செல்லும் என்று வரிசை போட்டுத் தரும் பொதுச்சட்டம் நம் நாட்டில் இல்லை. கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாவலர் உத்தரவு வாங்கலாம். உலகனேரியில் ஹைகோர்ட் கிளை பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் மாமியாரின் கட்டிக்காக அங்கே போய் நிற்க எந்த வீட்டில் ஆளும் காசும் இருக்கிறது? ஆகவே நடைமுறையில் மகன் கையெழுத்து, மகன் இல்லாவிட்டால் மருமகன், அண்ணன் தம்பி என்று ஓடுகிறது. ஓடட்டும். கையெழுத்து யாருடையது என்று நாங்கள் சண்டை போடவில்லை.

கடைசிக் காலத்தில் உயிரை இழுத்துப் பிடிக்கும் வைத்தியம் வேண்டாம் என்று முன்னாலேயே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதைச் சுலபமாக்கி, இரண்டு சாட்சியோடு நோட்டரியிடமோ கெஜட்டெட் அதிகாரியிடமோ ஒப்பம் வாங்கினால் போதும் என்றார்கள். புத்தி தெளிவாக இருக்கும்போது எழுதினால்தான் செல்லும். எங்களுக்கு இது தெரிந்தபோது அத்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். மறதி ஆரம்பித்திருக்கிறது என்று முதன்முதலில் சொல்லும் நரம்பு டாக்டரோ மனநல டாக்டரோ இதையும் சொல்லி அனுப்பினால் எத்தனை வீட்டில் பிற்பாடு சண்டை குறையும்!

வீட்டில் பெரும்பாலும் "கேன்சர்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று காதில் சொல்கிறார்கள். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மேலூர்ப் பெரியவர் தன் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா அழுதார். மறுநாள் மறந்துபோய், கட்டு எதற்கு என்று கேட்டார். மறுபடி சொன்னார், மறுபடி அழுதார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. பிறகு பெரியவர் "புண்ணு, ஆறிட்டு வருது" என்று சொல்ல ஆரம்பித்தார். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தடவை உண்மையைச் சொல்வது கடமை. தினம் தினம் சொல்வது தண்டனை. டாக்டரும் சிஸ்டரும் வீட்டாளும் ஒரே வார்த்தையைச் சொன்னால் போதும். ஆளுக்கு ஒன்று சொல்வதால்தான் அவர்கள் மிரண்டுபோகிறார்கள்.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். "பெரிய வைத்தியம் வேண்டாம்" என்று மருமகள் வாய்திறந்தால் உங்கள் பார்வை மாறுவதைக் கவனித்திருக்கிறேன். சொத்துக்காகவோ, பாரம் இறங்கினால் சரி என்றோ சொல்கிறாளோ என்ற சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். படுத்துவிட்ட கிழடுகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, இளநீரைக் கொடுத்து மேலே அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் என்ற கொடுமை இந்தத் தென்மாவட்டங்களில் நடந்திருக்கிறது. அது தெரிந்த ஊரில் டாக்டராக இருப்பவர் எச்சரிக்கையாகத்தான் இருக்கவேண்டும். அதனால்தான் எங்களிடம் உட்கார்ந்து பேசச் சொல்கிறோம். பராமரிப்பவர் சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறுக்குக்கேள்வி கேளுங்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். கேள்வியே கேட்காமல் சந்தேகப்படுவது மட்டும் எங்களுக்குத் தாங்கவில்லை. அப்படிப் பார்க்கிறவரே, துபாயிலிருந்து வீடியோ காலில் "என்ன செலவானாலும் பண்ணிடுங்க டாக்டர்" என்று சொல்லும் மகனைப் பாசக்காரர் என்று நம்பிவிடுகிறார். அவர் போனை வைத்த பிறகு வாந்தி எடுக்கும் பாத்திரத்தை யார் பிடிக்கிறார்கள்? தூரத்தில் இருப்பதன் குற்ற உணர்வும் முடிவெடுக்கிறது, பக்கத்தில் இருப்பதன் களைப்பும் முடிவெடுக்கிறது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச உங்களால்தான் முடியும். எங்கள் பேச்சை மச்சினர் கேட்கமாட்டார், உங்கள் பேச்சைக் கேட்பார்.

களைப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கேட்டால் சொல்வோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனும் கீமோவும் ஓடிவிடலாம். கூட வருகிறவளின் நூறுநாள் வேலைக்கூலி, டயப்பர், திருமங்கலத்திலிருந்து ஆட்டோ, பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பதெல்லாம் எந்த அட்டையிலும் வராது. ஆறு வாரம் தினமும் வரவேண்டும் என்று எழுதும்போது, வர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று வீட்டாள் சொன்னால் அதுவும் ஒரு மருத்துவக் காரணமாக ஃபைலில் ஏறட்டும். பாதியில் நிற்கப்போகும் வைத்தியத்தை ஆரம்பிப்பதைவிட, முடியக்கூடிய சின்ன வைத்தியம் மேல் என்பதுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கண்டது.

ஒன்றும் செய்வதில்லை என்று முடிவானால் கைகழுவிவிடாதீர்கள். மூச்சு, வலி, மலச்சிக்கல், தூக்கம் என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து வலி நிவாரண வைத்தியத்தை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் ஊருக்கு வரும் சிஸ்டரிடம் நீங்கள் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தால்தான் அவரும் துணிந்து செய்வார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றாலே பயப்படுகிறார்கள், வீட்டாரும் சரி, சில டாக்டர்களும் சரி. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அதை நோயாளிக்குக் கிடைக்கச் செய்வதைச் சுலபமாக்கினார்கள். சட்டம் இளகிப் பத்து வருஷம் தாண்டியும் மனசு இளகவில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், ஓ.பி. முடிந்தபின், மறதிநோய் உள்ள நோயாளிகளின் வீட்டாருக்கென்று தனி நேரம் வையுங்கள். நோயாளியை அழைத்துவரச் சொல்லாதீர்கள். அவரைக் காலையிலேயே பார்த்துவிடலாம். சிஸ்டரோ சமூகப் பணியாளரோ முதலில் எங்களிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்: தூக்கம், சாப்பாடு, விழுங்குவது, பயம், வலி வந்தால் எப்படிக் காட்டுவார், பகலில் ராத்திரியில் யார் இருப்பார்கள், முன்பு என்ன சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் ஸ்கேனுக்கு மேலே ஃபைலில் இருக்கட்டும். பிறகு வழிகளைச் சொல்லுங்கள். படிவத்தை அன்றைக்கே நீட்டாமல் ஒரு வாரம் கொடுங்கள். மெதுவாக வளரும் கட்டி என்றால் ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது என்று நீங்களே சொல்கிறீர்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பக்கத்து வீட்டில் அத்தையை விட்டுவிட்டு வருவதற்கு நான் ஏற்பாடு செய்துகொள்வேன். சாயந்திரம் ஐந்து மணிக்குள் வீடு திரும்பும்படி மட்டும் நேரம் வையுங்கள், அதற்கு மேல் அத்தை தேட ஆரம்பித்துவிடுவார்.

இப்படிக்கு,
திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மருமகள்